இருநூற்று ஐம்பதுக்குக் கீழே

எலும்பு அறுவைத் துறையில் ஐந்து இடம்.
வந்த விண்ணப்பம் எண்ணூற்றுப் பன்னிரண்டு.
ஒமாஹாவைச் சுற்றிச் சோளம் அறுக்கிறார்கள்,
ஜன்னல் விளிம்பெல்லாம் உமித் தூசி.
டாக்டர் ஹாலோரன் கதவில் சாய்ந்தபடி சொன்னார்:
"வெர்னா, இருநூற்று ஐம்பது வை."
காபிக்குச் சர்க்கரை சொல்கிற குரல்.

நான் மருத்துவர் இல்லை.
பட்டியல் போடுகிறவள்,
நேர்காணலுக்கு வருவோருக்குச் சாண்ட்விச் வரவழைப்பவள்,
பத்தொன்பது ஆண்டுகளாக.
கட்டத்தில் மூன்று இலக்கம் தட்டி
ஒரு விசையை அழுத்தினேன்.
எண்ணூற்றுப் பன்னிரண்டு
முந்நூற்று ஒன்பதானது.
சத்தமே இல்லை.
ஒரு நாற்காலிகூட நகரவில்லை.

முன்பெல்லாம் எண்கள் இரண்டு.
முதல் தேர்வின் எண்ணை எடுத்துவிட்டார்கள்;
தேறினார், தேறவில்லை, அவ்வளவுதான்.
பிள்ளைகள் கொஞ்சம் மூச்சு விடட்டும் என்று.
இப்போது மொத்தமும் இரண்டாவதன்மேல்,
குருவி தலையில் பனங்காய்.

எங்கள் லிஃப்டில் ஏழு பொத்தான்.
எனக்கு அவை வேறு எண்களாகத் தெரியும்.
ஏழாம் மாடி, தோல்: இருநூற்று ஐம்பத்தைந்து.
ஆறில் நாங்கள்.
நான்கில், மனநலத்தில், டார்லா
இருநூற்று இருபத்தைந்து என்கிறாள்,
கடிதம் நன்றாக இருந்தால் அதுவும் பார்ப்பதில்லையாம்.
இரண்டில் குடும்ப மருத்துவம். அங்கே
தேறியிருந்தால் போதும்,
இந்த ஊரில் தங்குவாயா என்றுதான் கேட்பார்கள்.

ஐந்து மணிக்குப் பிறகு, யாரும் சொல்லாமலே,
வடிகட்டியை எடுத்துவிட்டு
மறைந்தவர்களைப் படிப்பேன்.
குற்றவுணர்ச்சி என்று சொல்லமாட்டேன்.
என் பேருந்து ஐந்தே முக்காலுக்குத்தான்.

ரூபென் ஷ்ரம். இருநூற்று நாற்பத்தேழு.
மேற்கே மணற்குன்றுப் பக்கம் மாட்டுப் பண்ணை.
மூன்றாம் பத்தியில் ஒரு கன்று:
பிறந்த அன்றே முன்னங்கால் முறிந்தது.
தகப்பன் துப்பாக்கி எடுக்கப் போன நேரத்தில்
பதிநான்கு வயதுப் பையன்
பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் அறுத்து,
பழைய சாக்ஸைச் சுற்றி,
கட்டுப் போட்டிருக்கிறான்.
பத்தி அங்கே முடிகிறது.
கன்று நடந்ததா என்று எழுதவில்லை.
அடுத்த வரியில் ஆராய்ச்சி அனுபவம்.

அச்செடுத்து ஹாலோரன் மேசையில் வைத்தேன்.
நின்றுகொண்டே படித்தார், முழுவதும்.
"நல்ல பையன். மூன்றே மதிப்பெண்தான்.
இவனை எடுத்தால் நாற்பத்தாறுக்கு என்ன சொல்வாய்?
அவனும் ஏதோ ஒரு கன்றைப் பற்றித்தான் எழுதியிருப்பான்."
அவர் சொன்னதில் தவறில்லை.
அந்த நாற்பத்தாறையும் படித்திருந்தேன்.
அவன் இல்லை, அவள்.
கன்று இல்லை, தங்கையின் முதுகெலும்பு.

மார்ச், மூன்றாவது வெள்ளி.
தேசம் முழுக்க உறை பிரிக்கும் நாள்.
எங்கள் ஐந்து பெயரும் வந்தன,
ஐந்து பேருக்கும் பலூன் கட்டினேன்.
இரண்டாம் மாடிப் பட்டியல்
தற்செயலாகக் கண்ணில் பட்டது.
பொய். தேடிப் போய்த்தான் பார்த்தேன்.
எட்டாவது பெயர்: ஷ்ரம், ரூபென்.

ஜூன் கடைசியில் அடையாள அட்டைக்குப் படமெடுப்பது
எல்லாத் துறைக்கும் நான்தான்.
வந்தான். நெட்டை, கழுத்தில் வெயில் கோடு.
முகவாயைக் கொஞ்சம் நிமிர்த்தச் சொன்னேன்.
அட்டை சூடாக வெளியே வந்தது.
நீட்டும்போது வாய் முந்திக்கொண்டது:
"அந்தக் கன்று நடந்ததா?"

வாங்க வந்த கை பாதியில் நின்றது.
குடும்ப மருத்துவத்துக்கு எழுதியதில் கன்று கிடையாது.
அது ஆறாம் மாடிக்கென்று எழுதியது.
என் கழுத்தில் தொங்கியதைப் படித்தான்,
துறையின் பெயரை, பிறகு என்னை.
கணக்கு முடியும்வரை இருவரும் நின்றோம்.

"நொண்டித்தான்," என்றான்.
"ஆனால் ஒன்பது வருஷம் இருந்தது. ஆறு ஈத்து."
பிறகு,
"இரண்டாம் மாடிக்கு லிஃப்ட் எந்தப் பக்கம்?"

இடப்பக்கம் என்றேன்.
படிக்கட்டில் போனான்.